ரோட்டில் ஓட்டக் கூடாது என்றுதான் அம்மா சொன்னாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா முழுச் சுகம், நான் அரைப் பல் குறைந்த சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. நாலு வாரமாக நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நான் தூரத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் உம், உம் என்று தலையாட்டிக்கொண்டிருந்ததை நீ கவனித்திருப்பாய். போன வாரம் உன் அத்தை வேறு உனக்குப் போன் போட்டு, அண்ணன் மலையிலேர்ந்து உருண்டுட்டான், ஆம்புலன்ஸ்ல அள்ளிக்கிட்டுப் போனாங்க, உங்கிட்ட மறைக்கிறாங்க என்று சொல்லிவிட்டாளாம். என் தங்கை சொன்னதில் மலை உண்மை, ஆம்புலன்ஸ் உண்மை, மறைத்ததும் உண்மை. மற்றதெல்லாம் அவளாகச் சேர்த்துக்கொண்டது. முப்பத்தோரு வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து ஆய்வாளராக இருந்து ஊரார் சொன்ன கதைகளையெல்லாம் சலித்து அறிக்கை எழுதியவன், என் விபத்துக்கு என் தங்கையை அறிக்கை எழுத விடலாமா? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் கத்த ஆரம்பிப்பாய், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

லாரி விஷயத்திலிருந்து தொடங்க வேண்டும். அது உனக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது பாதி. எட்டு வருஷமாக ஞாயிறு காலையில் நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவேன், அந்த இறுக்கமான சட்டையைப் பார்த்து அம்மா, உறைக்குள்ள திணிச்ச தலையணை மாதிரி இருக்கீங்க என்பாள், நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் தட்டியது என்று உன்னிடம் சொன்னேன். தட்டவில்லை, அடித்தது. வண்டியும் நானும் சாலையை விட்டு இறங்கிப் புல்லில் போய் நின்றோம், பின்சக்கரம் இருந்த இடத்தில் அடுத்த லாரி போயிற்று. அம்மாவிடமும் தட்டியது என்றுதான் சொன்னேன். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதுகிறவள், பொய் சாட்சிகளை நாள் முழுக்க வார்த்தை விடாமல் எழுதிவிட்டு வீட்டுக்கு வருகிறவள். சட்டைக் கையில் ஒட்டியிருந்த லாரிப் பெயிண்டைப் பார்த்தாள், சாப்பிட்டு முடித்ததும், இனிமே நீங்க ரோட்டுல சைக்கிள் ஓட்டக் கூடாது என்றாள். சரி என்றேன். சைக்கிளை நடைவழிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். மூன்று வாரம் வீட்டிலேயே இருந்தேன். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டேன், எண்ணெய் கேட்காத கீலுக்கும் போட்டேன். நீ விட்டுப்போன புத்தகங்களை உயரவாரியாக அடுக்கினேன், பிறகு நிறவாரியாக அடுக்கினேன். நாலாவது வாரம் அம்மாவே, எங்கயாவது போயிட்டு வாங்களேன் என்று கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. நீ ரோட்டில் என்றுதானே சொன்னாய், மலையில் ரோடே கிடையாதே என்றேன். தன் வாயிலிருந்து வந்த வார்த்தையை மாற்றிச் சொல்கிற வழக்கம் அம்மாவுக்கு இல்லை, தொழில் அப்படி. அவளுடைய நேர்மையை நான் எனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்படியாக அறுபத்தோரு வயதில் மலை சைக்கிள்காரன் ஆனேன். கடைக்கார மெக்கானிக் கொடுத்த வண்டியைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தடித்த டயர், முன்பக்கம் தவளைக் கால் மாதிரி மடங்கி நிமிர்கிற ஸ்பிரிங், கைப்பிடியில் ஒரு பொத்தானை அமுக்கினால் சீட் பொசுக்கென்று கீழே இறங்குகிறது. இவ்வளவு வசதி இருந்தால் யார்தான் ஓட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். பெடலை மட்டும் மாற்றச் சொன்னார். என் பழைய பெடலில் ஷூ அடிப்பக்கம் மாட்டிக்கொள்ளும், குதிகாலைத் திருப்பினால்தான் கழலும். அது ரோட்டுக்கு நல்லாருக்கும் சார், மலையில திடீர்னு கால் ஊன்றணும், தட்டைப் பெடல் போட்டுத் தரேன் என்றார். எட்டு வருஷப் பழக்கம் எனக்கு, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றேன். ஊருக்குப் பின்னால் இருக்கிற காட்டு மலையில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் ஓட்டுகிறார்கள், அவர்களுக்குத் தலைவி நம் கடைத்தெருப் பல் டாக்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும், நாற்காலியில் படுத்திருப்பவரிடம் பேசுகிற அதே குரலில்தான் மலை உச்சியிலும் பேசுவார். முதல் நாள் என்னிடம், சார், ரோட்டுல முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டிப் பழகியிருப்பீங்க, இங்க கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதான் போகும், மரத்தைப் பார்க்காதீங்க என்றார். மரத்தைப் பார்க்காதே என்று சொன்னபிறகு மரத்தைத் தவிர வேறு எதைப் பார்ப்பது. முதல் நாள் இரண்டு மரம். இரண்டாவது வாரம் ஒரு மரமும் ஒரு பலகையும், பலகையில் மெதுவாகச் செல்லவும் என்று எழுதியிருந்தது. ஏற்றத்தில் யாரும் என்னை முந்த முடியாது, அதைத் தயவுசெய்து குறித்துக்கொள். இறக்கத்தில்தான் என்னை எல்லாரும் முந்தினார்கள், ஒரு நாயும் முந்தியது. அதிலும் 'ஆட்டுப் படி' என்று அவர்கள் செல்லமாகக் கூப்பிடும் ஒரு இறக்கம், பாறை பாறையாகப் படிக்கட்டு மாதிரி அடிவாரம் வரைக்கும் போகும், அங்கே வந்தால் நான் இறங்கிவிடுவேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு, இயற்கையை ரசிப்பவன் போல நடப்பேன். யாரும் நம்பவில்லை, எங்கள் கூட ஓட்டும் ஒரு பேக்கரிக்காரர் மட்டும் மரியாதைக்காக, இன்னிக்கு என்ன பறவை சார் பார்த்தீங்க என்று கேட்பார்.

ஐந்தாவது ஞாயிறு நடந்ததைத்தான் உன் அத்தை தலைகீழாகச் சொல்லியிருக்கிறாள். முந்தின நாள் மழை பெய்து மண் பதமாக இருந்தது. வழக்கம்போல் பல் டாக்டர் முதலில் போனார். அவர் யாருக்கும் காத்திருக்க மாட்டார், நேரே அடிவாரத்துக்குப் போய்க் காரில் இருக்கிற பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி வைப்பார். மற்றவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பறந்தார்கள். நான் ஆட்டுப் படிக்கு மேலே உள்ள வளைவில் இறங்கித் தள்ளத் தொடங்கினேன். தள்ளுகிறவன் தரையைப் பார்ப்பான். டயர்த் தடங்கள் எல்லாம் வளைவில் இடது பக்கம் திரும்பியிருந்தன, ஒரே ஒரு தடம் மட்டும் திரும்பாமல் நேராகப் புதருக்குள் போயிருந்தது. பிரேக் பிடித்த இழுவை இல்லை. அந்தத் தடத்தின் மேல் மற்ற டயர்கள் ஏறிப் போயிருந்தன, அப்படியென்றால் முதலில் போனவருடையது. என் வாழ்க்கையில் எத்தனையோ வளைவுகளில் குனிந்து நின்று இப்படித் தடம் பார்த்திருக்கிறேன், எப்போதும் எல்லாம் முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் போவேன். தடம் ஈரமாக இருக்கும்போது பார்த்தது அதுதான் முதல் தடவை.

வண்டியைப் போட்டுவிட்டுப் புதரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இருபதடி கீழே ஒரு பாறை ஓரமாக டாக்டர் கிடந்தார், நினைவு இருந்தது, சத்தம்தான் வரவில்லை. கைப்பிடி முனை விலாவில் குத்தியிருக்கிறது, வலது கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டியது. போனில் சிக்னல் இல்லை. என்னைத் தூக்காதீங்க, கழுத்தை நான் அசைக்க மாட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். கீழ நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நாற்பது நிமிஷம் என்றேன், அதில் எனக்கு அனுபவம் உண்டே. அவர் கண்ணை மூடித் திறந்து, அது ஆகாது சார், வயித்துக்குள்ள என்னமோ சரியில்ல, ஓட்டிட்டுப் போங்க என்றார். என்னால் முடியாது டாக்டர் என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன், அதை எழுதாமல் விட்டால் இது அறிக்கை ஆகாது. அதற்கு அவர், சீட்டை இறக்குங்க, நின்னுக்கிட்டு இடுப்பைப் பின்னால தள்ளுங்க, பிரேக்கை ஒரேயடியா அமுக்காதீங்க, விட்டு விட்டுப் பிடிங்க, தூரத்தைப் பாருங்க என்று சொல்லிவிட்டு, போங்க என்றார். என் மேல்சட்டையைக் கழற்றி அவர் மேல் போர்த்திவிட்டு ஏறிப்போனேன்.

ஆட்டுப் படியை நான் ஓட்டினேன் என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் ஓட்டவில்லை, வண்டி இறங்கியது, நான் கூடவே இருந்தேன். முதல் பாறையில் கண்ணை மூடிவிட்டேன், இரண்டாவதில் திறந்தேன், மூடியிருந்தபோதே பரவாயில்லை என்று தோன்றியது. பயம் இல்லை என்று சொன்னால் அம்மா நம்ப மாட்டாள், அதனால் சொல்கிறேன், வாய்விட்டு அழுதுகொண்டேதான் இறங்கினேன், காதில் காற்று அடித்ததால் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தூரத்தில் தண்ணீர்த் தொட்டியின் வெள்ளைச் சுவர் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு போனேன். அடிவாரத்தில் எல்லாரும், டாக்டர் எங்கே காணோம் என்று நின்றிருந்தார்கள். நான் அவர்கள் நடுவே போய் அழகாக பிரேக் பிடித்து நிறுத்தி, விழுந்துட்டாங்க, ஆட்டுப் படிக்கு மேல, வளைவுல, நேரா கீழ, ஆம்புலன்ஸ் என்று தெளிவாகச் சொல்லி முடித்தேன். முடித்ததும் பெடலிலிருந்து ஷூவைக் கழற்ற மறந்துபோய், நின்ற நிலையில், வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தேன். கரடு முரடான மலையில் ஒரு கீறல் இல்லை மகளே. சமதரையில், புல்வெளியில், வேகம் பூஜ்யமாக இருந்தபோது கைப்பிடியில் வாய் மோதி முன்பல் பாதியாக உடைந்தது. ஆம்புலன்ஸ் வந்ததும் வாயெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்த என்னைத்தான் முதலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கப் பார்த்தார்கள். அந்தக் காட்சியை மட்டும் யாரோ பார்த்துவிட்டு உன் அத்தைக்குச் செய்தி கொடுத்திருக்கிறார்கள். பேக்கரிக்காரர் ஆம்புலன்ஸ்காரர்களை மேலே கூட்டிப் போனார்.

டாக்டருக்கு மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் போயிருக்கிறது. அன்றே ஆபரேஷன். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அறுவை மருத்துவர் சொன்னாராம். பத்து நாள் கழித்து நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். கையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் ஒன்றுமில்லை டாக்டர் என்று சொல்லத் தயாராக நின்றேன். வாயைத் திறங்க என்றார். திறந்தேன். வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேர் நல்லாருக்கு, எனக்குக் கை சரியாக ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் யார்கிட்டயும் போயிடாதீங்க, இது நான் கட்ட வேண்டிய பல் என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆகவே உன் அப்பா ரெண்டு மாதத்துக்கு இந்தக் கோலத்தில்தான் இருப்பார், நீ சிரித்துத் தீர்த்துக்கொள். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நான் முடியாது என்று சொன்னது உட்பட.

திரும்பி வரும்போது அம்மாதான் காரை ஓட்டினாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல், மேல நின்னப்போ பயமா இருந்துச்சா என்று கேட்டாள். இருந்தது என்றேன். லாரி அடிச்சப்போ, என்றாள். யோசித்துப் பார்த்து, இல்லை, ரோட்டில் எனக்கு எப்போதுமே பயம் இருந்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் சாவியை எடுத்துக்கொண்டே, அதான், அந்த எட்டு வருஷமும் நான்தான் உங்களுக்கும் சேர்த்துப் பயந்துக்கிட்டு இருந்தேன், இப்ப பாதியை நீங்க வாங்கிக்கிட்டீங்க, இனிமே போங்க என்றாள். இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை நாள் எழுதி எழுதி வைத்திருந்தாளோ தெரியவில்லை. மறுநாள் நானே மெக்கானிக் கடைக்குப் போய்த் தட்டைப் பெடல் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்துவிடக் கூடாதே என்று ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத் தேடினார்.

உன் புது வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாயே, வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடு, வாயால் சொன்னது எங்கும் நிற்காது. ராத்திரிச் சாப்பாட்டை அலுவலகத்திலேயே முடித்துக்கொள்கிறாயாம், அது வேண்டாம், ஒரு குக்கர் வைத்தாவது வீட்டில் சாப்பிடு. எந்த ஊரில் இருந்தாலும் உடம்பும் மனசும் கெட்டிப்பட்டு நீண்ட நாள் நன்றாக இரு, எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நம் நேரத்துக்குக் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை வீட்டுக்குப் போன் பண்ணாதே. நான் மலையில் இருக்கிற அந்த நேரத்தில் மணி அடித்தால் அம்மா எடுக்க மாட்டாள், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்புடன்,
உன் அப்பா