கொடைக்கானலில் தொண்ணூற்று மூன்று

இன்று காலை டிக்காக்‌ஷனுக்கு வைத்த தண்ணீர் கொதித்து மூடி தடதடவென்று ஆடியது. அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ இருந்திருந்தால், "கொதிச்ச தண்ணிய இன்னும் எதுக்குங்க கொதிக்க விடறீங்க? அதுக்கு மேல சூடு ஏறாது, கேஸ்தான் தீரும்" என்றிருப்பாய். வருகிற மாசியோடு நீ போய் இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. ஸ்ரீரங்கத்து வீட்டின் இந்தச் சமையலறையில் அந்தக் கண்டிப்பு மட்டும் போகவில்லை.

கொடைக்கானலில் நடந்த கோடை விடுமுறை அறிவியல் போட்டி நினைவுக்கு வந்தது. அது மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. ஞாயிறு என்று நீ கடைசிவரை சாதித்தாய், சனிதான். திருச்சி புத்தூர்ப் பள்ளியில் நீ இயற்பியல் ஆசிரியை. மாணவிகளுக்குத் துணையாக வர நான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்திருந்தேன். திருச்சியில் வியர்வை துடைத்த துண்டு, மலைப்பாதையில் பேருந்து ஏற ஏற, என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. "உயரம் போகப் போகக் காத்து குளிரும். இதுக்கே நடுங்கினா எப்படி?" என்று பிள்ளைகள் முன்னால் சிரித்தாய்.

உன் மாணவி உப்பிலியபுரத்துச் செல்வியின் சோதனை எளியது. பனிக்கட்டியை நீராகவும் நீரை ஆவியாகவும் சூடாக்கி, வெப்பநிலையை வரைபடமாக்க வேண்டும். உருகும்போது ஒரு சமதளம், கொதிக்கும்போது இன்னொன்று. திருச்சியில் பழகியபோது இரண்டாம் சமதளம் நூறில் வந்தது. மலையில் தொண்ணூற்று மூன்றிலேயே பாதரசம் நின்றுவிட, கண்டதை அப்படியே எழுதியிருந்தாள்.

நடுவர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும்னு அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்மா."

செல்வி அழும் நிலையில் இருந்தாள். "நான்தான் தப்பாப் பாத்துட்டேன் மிஸ். நூறுன்னு மாத்திடறேன்."

"நீ பாத்தது எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு மிஸ்."

"அப்ப அது இருக்கட்டும். பென்சிலைக் கீழ வை."

நடுவரிடம் திரும்பி, அவர் முன்னாலேயே மறுபடி கொதிக்க வைத்தாய். பாதரசம் அதே இடத்தில் நின்றது.

"தீயைக் கூட்டுங்க" என்றார்.

கூட்டினாய். நீர் துள்ளியது, பாதரசம் அசையவில்லை. "சூடெல்லாம் தண்ணிய ஆவியாக்கவே செலவாகுது சார். இங்க காத்தோட அழுத்தம் கம்மி. அதனால முன்கூட்டியே கொதிச்சிடுது."

"உங்க தெர்மாமீட்டர் பழுது."

"ஐஸ்ல பூஜ்யம் சரியாக் காட்டிச்சே."

"கீழ பூஜ்யத்துல சரியா இருந்து, மேல நூறுகிட்ட தப்பா இருக்கலாமே?"

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. உனக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கேள்வி சார். அப்ப உங்க தெர்மாமீட்டரைப் போடுங்க."

போட்டார். அதுவும் தொண்ணூற்று மூன்றையே காட்டியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு தாம் அடித்த கோட்டின் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். செல்விக்கு இரண்டாம் பரிசுதான். வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுத மறந்திருந்தாள். அந்த மதிப்பெண்ணை அவர் குறைத்தது சரியே என்று நீயே சொன்னாய். இறங்கும் வழியெல்லாம் அவள் அந்தத் தாளை மடியிலேயே விரித்து வைத்திருந்தாள். நான் யாரென்று அன்று பேருந்தில் யாரும் கேட்கவில்லை. உன் கணவன் என்று நானாகவே நடத்துனரிடம் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை புத்தூரில் மருத்துவருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் யாருக்கோ தொலைபேசியில், "தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும், அப்புறம் ஆற வெச்சுக் குடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "எந்த ஊர்லங்க?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு தொடங்கினேன்: "என் மனைவி பிசிக்ஸ் டீச்சருங்க. ஒரு சனிக்கிழமை கொடைக்கானல்ல..."