ஆமாவுக்கு இங்கிலீஷில் என்ன

இன்று காலை பள்ளிப் பிள்ளைகளை வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கெலாங் பாத்தாவில் வழக்கமான கடையில் பசியாற உட்கார்ந்தேன். ஆர்டர் எடுக்க வந்தவன் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருப்பவன். "தே ஓ, சீனி கொறைச்சு. ரொட்டி ஒண்ணு, கறி தனியா," என்றேன். அவன் பணிவாகத் தலையை ஆட்டிவிட்டு, "ஆமென் அக்கா," என்றான்.

"யாருப்பா ஒனக்கு இத சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டேன். "வேலைக்கு வந்தவங்க தங்குற ஹாஸ்டல்ல அண்ணங்க பேசிக்குவாங்கக்கா. ஆமாவுக்கு இங்கிலீஷாம்," என்றான். அவன் உன் முகத்தையே பார்த்ததில்லையடி. நீ போய்ச் சேர்ந்தாய், உன் இங்கிலீஷ் வகுப்பை மூடிவிட்டார்கள், அதில் படித்தவர்களில் பாதிப் பேர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அந்தச் சொல் மட்டும் இன்னும் இங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, திட்டித்தான் பழக்கம் என்று உனக்கே தெரியும். ஆனாலும் தேநீர் ஆறிப்போகிற வரைக்கும் மனதுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

செடெனாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். எங்கள் வீட்டில் மாரியம்மன் படம், உங்கள் வீட்டில் சிலுவை. உங்கள் ஜெபம் எங்களுக்குக் கேட்கும், எங்கள் சண்டை உங்களுக்குக் கேட்கும். வளர்ந்து டவுனுக்கு வந்த பிறகும் நாம் பழக்கத்தை விடவில்லை. நீ இருட்டோடு எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவாய். வாரத்தில் ஓய்வென்று கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையையும் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டு, என்னையும் அதில் இழுத்துவிட்டாய். "ஒன் வேன் ஞாயித்துக்கெழம சும்மாதானே நிக்குது புள்ள? ஹாஸ்டல்லேர்ந்து பையனுங்கள இங்கிலீஷ் வகுப்புக்கு ஏத்திக்கிட்டு வாயேன்," என்றாய். வேனுக்கு எண்ணெய்க் காசு தருவாயா என்று கேட்டேன். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் தருகிறேன் என்றாய்.

தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில், உன்னோடு இன்னும் இரண்டு சபைக்காரர்கள் பாடம் நடத்துவார்கள். ஒரு மணி நேரம் இங்கிலீஷ், கடைசியில் கொஞ்ச நேரம் பைபிள் கதை, ஒரு ஜெபம். நான் கதவோரம் உட்கார்ந்து தேநீர் ஊற்றுவேன். வங்காளதேசத்துப் பையன்கள் எட்டிப் பார்த்தால் மட்டும் நீ உள்ளே கூப்பிட மாட்டாய். அவர்கள் முஸ்லிம்கள், அவர்களுக்கு வேறு மதம் சொன்னால் குற்றம், மலேசியச் சட்டம் அப்படி. அவர்கள் கையில் இரண்டு கறிபாப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுவதும் முகம் வாடியிருப்பாய்.

ஒரு நாள் வேனில் வைத்து நான் கேட்டே விட்டேன். "தூண்டில்ல இங்கிலீஷ மாட்டி மீன் புடிக்கிறியா நீ?" வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும். நீ சிரித்தாய். "மாட்டுனா மாட்டட்டும். மாட்டாட்டி புழுவையாச்சும் தின்னுட்டுப் போவட்டும் லா. பசியோட இருக்குதுங்க," என்றாய்.

அந்த 'ஆமென்' வந்த கதை உனக்கு மறந்திருக்காது. பிளாஸ்டிக் பேக்டரியில் வேலை செய்த முருகேசன், ராமநாதபுரத்துக்காரன், முன் வரிசையில் உட்காருவான். பாடம் முடிந்ததும், "புரிஞ்சுதா? இங்கிலீஷ்ல பதில் சொல்லணும்," என்றாய். அவன் எழுந்து நின்று, "ஆமென்!" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் முழித்தான். "ஏங்க்கா, ஆமாவுக்கு இங்கிலீஷ் ஆமென் தானே? நீங்க பேசி முடிச்சா எல்லாரும் அதத்தானே சொல்றீங்க?" நீ கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாய். 'யெஸ்' என்று எழுதிப் போட்டுப் பார்த்தாய். ஒன்றும் நடக்கவில்லை. பசியாறியாச்சா என்றால் ஆமென், வேலைப் பாஸ் கையில் இருக்கிறதா என்றால் ஆமென். கொஞ்ச நாளில் பேக்டரி சூப்பர்வைசரே, அவர் சீனர், அவனுக்கு ஆமென் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இத்தனை வருடத்தில் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்டுவிட்டார். ஒருவரும் இல்லை. பலனில்லாத ஊழியத்துக்கு மண்டபம் எதற்கு என்று பேச்சு வந்ததாம். அன்றைக்கு வேனில் நீ வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். "ஒருத்தன் புள்ள. ஒருத்தனாச்சும் மனசார விசுவாசிக்கிறேன்னு சொன்னா போதும். நான் செஞ்சது வீண் இல்லேன்னு நிம்மதியா இருப்பேன்," என்றாய். "அவனுங்க பொழைக்க வந்தவனுங்க, அவனுங்ககிட்ட போயி இதக் கேக்கலாமா?" என்று வெடுக்கென்று சொன்னேன்.

பிறகு உன் தொண்டையில் கட்டி என்றார்கள். பேசிப் பேசியே பிழைத்தவளுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? உன் சாமியை அன்றைக்கு நான் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்க வைத்தபோது குரல் தேய்ந்து காற்றாகிவிட்டிருந்தது. உன்னைப் பார்த்தே ஆகவேண்டும் என்று முருகேசன் லீவு போட்டு வந்தான். நான்தான் கூட்டி வந்தேன்.

நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் தலைமாட்டில் நின்ற எனக்கே குனிந்து கேட்டால்தான் கேட்டது. "தம்பி, நீ இயேசுவ விசுவாசிக்கிறியா?" அவன் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ நிறுத்தியதும், "ஆமென் அக்கா," என்றான். உன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அத்தனை மாதத்தில் உன் முகத்தில் நான் பார்த்த ஒரே வெளிச்சம் அதுதான்.

அவனை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா என்னமோ கேட்டாங்களே, ஒண்ணுமே காதுல விழல. பசியாறியாச்சான்னுதானே கேட்டாங்க?" என்றான். நான் அவன் தோளைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்ததும் நீ, "கேட்டியா புள்ள?" என்றாய். "கேட்டேன்," என்றேன். லிஃப்ட் பக்கத்தில் அவன் சொன்னதை உன்னிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, இப்போது எழுதத்தான் முடிகிறது. பிறகு நீ என்னையே பார்த்து இன்னும் ஏதோ கேட்டாய். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காதை உன் வாயோடு வைத்தேன். வெறும் மூச்சு. இன்னொரு தடவை சொல் என்று உன்னை வதைக்க மனம் வரவில்லை. "ஆமென்," என்றேன். நீ என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாய். அதற்குப் பிறகு நீ கண் விழித்துப் பேசவே இல்லை.

உன் கேள்விக்கு அவன் ஆமென் சொன்னான் என்று மட்டும் பாஸ்டரிடம் சொல்லியிருந்தேன். உன் அடக்கத்தில் அவர், சகோதரியின் ஜெபத்துக்குப் பலனாக ஓர் ஆத்துமா கிடைத்தது என்றார். பின்னால் நின்ற முருகேசன், "யாரச் சொல்றாருக்கா?" என்று என் காதில் கேட்டான். நான் ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டேன். அடுத்த மாதம் அவன் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போனான். மண்டபத்தில் இப்போது நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேன் சும்மாதான் நிற்கிறது.

ஒரே பலகைச் சுவரில் தொடங்கி இத்தனை வருடம் பழகினோம். ஊரையெல்லாம் கேட்ட, இயேசுவை விசுவாசிக்கிறாயா என்ற அந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டால் சண்டை போட வேண்டும் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். நீ கேட்காமலே விட்டது எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான், சொன்னால் சிரிப்பாய். அன்றைக்குக் கடைசியாக என்னடி கேட்டாய்? அவனிடம் கேட்டதையா? இல்லை, அவன் நினைத்த மாதிரி, பசியாறினாயா என்றா?

எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். நான் ஒருத்தருக்கும் அவ்வளவு சீக்கிரம் ஆமா போடுகிறவள் இல்லை. ஆனால் உனக்குச் சொன்னது சொன்னதுதான் புள்ள, திருப்பி வாங்கிக்க மாட்டேன்.