பராகுவேயிலிருந்து வந்த ஒரே ஆட்சேபம்

அன்புத் தங்கை சுல்மிராவுக்கு,

நம் ஊர் பெலேமில் பேசிக்கொள்வதுபோல் என்னை வேலையிலிருந்து யாரும் நீக்கவில்லை. நீக்கப்பட்டது என் பழைய நிரல், நீக்கியவளும் நானே. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கணினிகளின் அடித்தளமான கர்னலில், நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ஒரு பகுதியை இளமையில் எழுதினேன். இன்று அதைவிடச் சிறந்தது இருக்கிறது. வேறு யாரோ குப்பை என்று எடுப்பதற்கு முன் நானே எடுத்துவிட விரும்பினேன். பயன்படுத்துபவர் ஒருவர் ஆட்சேபித்தாலும் நீக்கத்தை நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். பராகுவேயிலிருந்து ஒருவர் ஆட்சேபித்தார்: மழை அளக்கும் தன் பழைய கணினி புதிய பகுதியை வைத்து ஓடாதாம்.

"பெத்த பிள்ளையை வெட்டறீங்களே டோனா எவுலாலியா, கை நடுங்கலையா?" என்றான் பக்கத்து மேசை ஒட்டாசிலியோ.

"நடுங்குது. வயசு எழுபது. வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

புதிய பகுதியை அந்தச் சிறு கணினிக்கும் பொருந்தும்படி திருத்தி அனுப்பினேன். "ஓடுதும்மா! முன்னைவிட நினைவகம் மிச்சமாவும் இருக்கு!" என்று நேற்று அவர் எழுதினார். என் நீக்கம் ஏற்கப்பட்டது! அலுவலகமே கைதட்டியது. ஒட்டாசிலியோ வாங்கிவந்த சோள கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். உன் அத்தான் இருந்திருந்தால் மூன்றாவதையும் நீட்டியிருப்பார்.

இங்கே குரிச்சிபாவில் நம் ஊர் மரவள்ளி மாவு கிடைப்பதில்லை. ஒரு பொட்டலம் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் தனியாகச் சாப்பிடுபவளுக்கு அதுவே நெடுநாள் வரும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. தொலைபேசியில் பேசாதே, பதிலை உன் கையால் எழுதி அனுப்பு.

அக்கா,
எவுலாலியா