பிரெஞ்சு வகுப்பை மூடுகிறார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. அப்பா கேட்டால், எலுமிச்சை ஊறுகாய் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று சொல். நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? விடுதியில் எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சேர இருந்த மஞ்சக்குப்பம் கல்லூரியில் பிரெஞ்சுப் பட்டப்படிப்பை மூடுகிறார்கள். படிக்க ஆள் குறைவு என்று அரசாங்கம் உதவிப் பணத்தை நிறுத்திவிட்டதாம். இங்கே பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு எடுக்கும் ஜான்சி டீச்சர்தான் வகுப்பில் சொன்னார். "இனிமே நானும் பண்ருட்டியில பலாப்பழந்தான் விக்கணும்டி. பிரெஞ்சுல கூவுனா வெல ஜாஸ்தி கெடைக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவர் பாடம் நடத்தவில்லை.

உன் தம்பி சேரன் மாமா கோயிலில் சூடம் அணைத்துச் செய்த சத்தியம் உனக்கு நினைவிருக்கும். "பிரெஞ்சு காலேஜில சீட்டு கெடச்சா மூணு வருஷம் காத்துருக்கேன். கெடைக்கலன்னா தையில தாலி." அப்பாவும் சூடம் அணைத்தார். வெறும் காலேஜ் என்றால் ஏமாற்றி என்னைத் தையல் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து, பிரெஞ்சு என்று சொல்லவைத்தது நான்தான். வேறு ஊர்க் கல்லூரிக்கு அப்பா அனுப்பமாட்டார். இனி வேறு படிப்பு கேட்டால் சாமி குத்தம் என்பார்கள்.

பரீட்சை முடியும்வரையாவது அவர்களுக்குத் தெரியவேண்டாம். ஊறுகாயோடு உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

கதவைத் தட்டுகிறார்கள். வார்டன் அக்கா. "இலக்கியா, ஒன் மாமா கீழ வந்துருக்காரு. பொட்டியக் கட்டிக்கினு வரச் சொல்றாரு."

அம்மா, உனக்கும் தெரியுமா