மட்டில்டாவில் ஏறிய உடுப்புகள்

எம்பிரஸ் மட்டில்டா என்னும் மிதக்கும் அரண்மனை,
ஆட்லம் மதகுகளுக்கு மேலே, கோணல் வில்லோ மரத்தடி,
நவம்பர் கடைசி ஞாயிறு.

என் அக்காள் பெற்ற அருமை மகள் ஹெட்டிக்கு,

ஆம்ப்ரோஸ் மாமா எழுதுவது. நான் சுகம். படகும் சுகம், புகைபோக்கி ஒன்றைத் தவிர. அது இப்போது கால்வாயின் அடியில் மீன்களுக்கு வீடாகியிருக்கிறது. அந்த வீரமரணத்தைப் பிறகு சொல்கிறேன். இனி ஜனவரி பாதிவரை உன் நார்வே டிரோம்சோவில் சூரியனே தலைகாட்டாது என்று எழுதியிருந்தாய். இங்கே செஷயரிலும் அதே கதைதான். நாங்கள் அதைப் பகல் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறோம்.

முதலில் பெரிய செய்தி. உன் மாமன் அறுபத்து நான்கு வயதில் காதலில் விழுந்துவிட்டான். மெல்லச் சறுக்கி அல்ல. மதகின் விளிம்பில் கால் தவறி, தொப்பியோடு, தொபுக்கடீர் என்று. அவள் பெயர் ரோவெனா. நான்ட்விச் கடைத்தெருவில் வெகுகாலம் பழைய உடுப்புக் கடை வைத்திருந்தவள். பழையது என்றதும் கந்தல் என்று நினைத்துவிடாதே. ஒரு கவுனை முகர்ந்து பார்த்தே அது எந்தக் கல்யாணத்தில் ஆடியது, எந்தக் கல்யாணத்தில் அழுதது என்று சொல்லக்கூடியவள். கடை இருந்த கட்டடத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். உடுப்புகளை மொத்தமாக ஏலத்தில் விட மனமில்லாமல் அவள் வாசலில் நின்றபோது, என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது: "எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு என் படகுக்கு வந்துடு. அங்க இடத்துக்கா பஞ்சம்?"

மட்டில்டாவின் அகலம் உனக்குத் தெரியும். நடுவில் நின்று கைகளை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். நான் தும்மினால் எதிர்ப்பக்க ஜன்னலைத் துடைக்க வேண்டியிருக்கும்.

ரோவெனா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "உடுப்பும் நானும் ஒண்ணாத்தான் வருவோம், ஒண்ணாத்தான் போவோம். கால்வாயில முதல் பனிக்கட்டி உறையுற வரைக்கும் இருந்து பார்க்கிறேன். அதுக்குள்ள எல்லாம் அடங்கலேன்னா, ஹல் ஊருல எங்க அண்ணன் வீட்டு கார் கொட்டகை காலியா இருக்கு. நானும் அங்கயே போயிடுவேன்." அடங்கும் என்று நான் மார்தட்டினேன். மார்தட்டுவதற்கு மட்டும் படகில் எப்போதும் இடம் உண்டு.

வேன் வந்தது. பின்னால் இன்னொரு வேன். அதற்கும் பின்னால் அவள் தோழி குதிரைகளை ஏற்றிச்செல்லும் பெட்டி வண்டி. உடுப்புகள் இறங்க இறங்க வெளிச்சம் மறைந்து, வாத்துகள் இரவு வந்துவிட்டதென்று தூங்கப் போய்விட்டன. கல்யாணக் கவுன்கள், ராணுவ பாண்டுக்காரர்களின் சிவப்புக் கோட்டுகள், பிரபுக்களின் வேட்டைக் காலுறைகள். நெப்போலியனின் படைக்கு மாஸ்கோவில் இவ்வளவு கோட்டு இருந்திருந்தால் இன்று நாமெல்லாம் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருப்போம்.

அடுத்த சில நாள்கள் நான் வாழ்ந்த வாழ்க்கையை எதிரிக்கும் வேண்டேன். அடுப்பின் ரொட்டி சுடும் அறைக்குள் உரோமக் கோட்டு. குளிக்கும் தொட்டி நிறையத் தொப்பி. ஒரு காலை கெட்டிலைத் திறந்தால் உள்ளே பட்டுக் கையுறை ஒரு ஜோடி, நிம்மதியாக உறங்கிக்கொண்டிருக்கிறது. கழிவறைக்குப் போவதற்குள் மூன்று சீமாட்டிகளையும் ஒரு பிஷப்பையும் விலக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாரும் ஹேங்கரில் தொங்குகிறார்கள். அப்படியும் பாதி உடுப்பு கரையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

அப்போது ரோவெனா ஒரு நியாயமான கேள்வி கேட்டாள். "முன்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கே, கதவு சாத்தியே கிடக்கு. அதுல என்ன இருக்கு?"

நிலக்கரி இருக்கிறது என்றேன். மறுநாள் கேட்டபோது சைக்கிள் என்றேன். அதற்கு மறுநாள் சைக்கிள் மேல் நிலக்கரி என்றேன்.

கதவைக் காப்பாற்றியாயிற்று, உடுப்புக்கு இடம்? அங்கேதான் உன் மாமனின் மூளை, ஆண்டவன் அதை மன்னிக்கட்டும், ஒரு திட்டம் தீட்டியது. மட்டில்டாவின் தரைப் பலகைக்கு அடியில் வரிசையாகக் கற்பலகைகள் இருக்கின்றனவே, படகு தண்ணீரில் அமிழ்ந்து ஆடாமல் நிற்பதற்கான அடிப்பாரம். அவை பாட்டுக்குச் சும்மா படுத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. வாடகை தராத குடித்தனக்காரர்கள். ரோவெனா நான்ட்விச்சுக்குப் போயிருந்த இரண்டு நாளில், வலப்பக்கக் கற்களையெல்லாம் தூக்கி வேலியோரம் ஒளித்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் உடுப்புகளை அடுக்கினேன். திரும்பி வந்தவள் கரை காலியாக இருப்பதைப் பார்த்து என் கன்னத்தில் முத்தம் தந்தாள். அந்த முத்தத்தை நான் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன்.

எங்களைப் போல நிரந்தரத் துறை இல்லாதவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது அல்லவா, அந்தத் தவணை முடிந்திருந்தது. கிளம்பினோம். மட்டில்டா நடந்த நடை எனக்கே பிடிக்கவில்லை. மூக்கை வானத்துக்குக் காட்டி, ஒரு தோளைச் சாய்த்து, கிளப்பிலிருந்து வீடு திரும்பும் கர்னலைப் போலப் போனாள். வளைவுப் பாலம் நெருங்கும்போது எதிரே கெத்தின் வந்தான். உனக்குக் கெத்தினைத் தெரியாது. படகு படகாகப் போய் நிலக்கரி விற்கும் வெல்ஷ்காரன். முகம் முழுக்கத் தாடி, குரலோ பக்கத்து மாவட்டம் வரை கேட்கும்.

"என்ன தலைவரே, உங்க மகாராணி பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றா? எலியைக் கண்டாளா?"

தண்ணீருக்குள் இருக்க வேண்டிய கறுப்புப் பூச்சு ஒரு சாண் வெளியே தெரிந்ததைத்தான் சொன்னான். நான் பேசாதே என்று கண்ஜாடை காட்டினேன். அவ்வளவு தாடிக்குள் ஜாடை போய்ச் சேர வழியில்லை.

"அடியில இருந்த கல்லையெல்லாம் எங்க போட்டீங்க?" என்று கேட்டான்.

துணி தேய்த்துக்கொண்டிருந்த ரோவெனா வெளியே தலையை நீட்டினாள். நான் அவளைப் பார்த்தேன். சுக்கான் பிடித்தவன் செய்யக் கூடாத ஒரே காரியம் அது. உயர்ந்து சாய்ந்து நின்ற மட்டில்டாவின் கூரை வளைவில் மோதியது. புகைபோக்கி ஒரு சலாம் வைத்துவிட்டுக் குதித்தது. நிதானமான குதிப்பு, ஒலிம்பிக்கில் பதக்கமே கொடுத்திருப்பார்கள்.

அதுவரை சிரிப்புதான், ஹெட்டி. தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறி நிற்கும். மோதிய குலுக்கலில் அது ஒரு பக்கமாகப் பாய்ந்திருந்தது. மேலே இருந்தவை தப்பித்தன. அடியில் இருந்த மஞ்சள் பட்டுக் கவுன், அவள் கடையின் கண்ணாடி ஜன்னலில் கடைசி நாள்வரை நின்றது, இடுப்புவரை துருநிறம் ஏறியிருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "இடம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருக்கலாம் ஆம்ப்ரோஸ். ஏலத்துல போயிருந்தா காய்ஞ்சாவது இருந்திருக்கும்" என்றாள். பிறகு அட்டைப் பெட்டிகளை எடுத்து உடுப்புகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். பனிக்கட்டி வரக்கூட இல்லை.

நிரப்பிய பெட்டியை வைக்க ஓர் அடி இடமில்லை. நான் தடுப்பதற்குள் முன்பக்க அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

அங்கே நிலக்கரி இல்லை. சைக்கிளும் இல்லை. உன் படுக்கை இருந்தது. பூப்போட்ட மெத்தைப் போர்வை, தலையணை, காது உடைந்த உன் தவளைக் கோப்பை.

"யாருக்கு இது?"

ஹெட்டிக்கு என்றேன். அக்காள் மகள், பள்ளி விடுமுறையெல்லாம் இங்கேதான் கழிப்பாள், இப்போது நார்வேயில் மீன்களை ஆராய்கிறாள் என்று சொன்னேன்.

"எப்ப வர்றா?"

"வருவா."

"கடைசியா எப்ப வந்தா?"

ஆறு வருஷம் ஆயிற்று என்றேன். அவள் மெத்தையை அழுத்திப் பார்த்தாள், விரிப்பை முகர்ந்தாள். உனக்குத்தான் சொன்னேனே, முகர்ந்தே எல்லாம் தெரிந்துகொள்வாள். "புதுசா மாத்தின விரிப்பு" என்றாள். மாதம் ஒருமுறை மாற்றுவேன், இல்லையென்றால் ஈர வாடை வந்துவிடும் என்றேன். அது வெறும் சுகாதாரம். நீ வேறெதுவும் நினைக்க வேண்டாம்.

தவளைக் கோப்பையை எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். "இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்த இடத்தை நான் கேட்டிருக்கவே மாட்டேன், மடையா" என்றாள். அந்தக் கடைசிச் சொல்லில் எனக்கு உயிர் திரும்பியது. ஆனாலும் பெட்டிகளை அவள் அவிழ்க்கவில்லை. மன்னிப்பு வேறு, அலமாரி வேறு.

வேலியோரம் விட்டு வந்த கற்களைக் கெத்தினின் படகில் ஏற்றி வந்து, அவனும் நானும் திரும்ப அடுக்கினோம். நான் ஒரு கல் தூக்குவதற்குள் அவன் பத்துத் தூக்கினான். மட்டில்டா பாவாடையை இறக்கிவிட்டுக் கௌரவமாக உட்கார்ந்தாள். கூரைக்கு வெளியே எஞ்சிய புகைக்குழாயின் மேல் அடி ஓட்டையான ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துக் கட்டினேன். அதுதான் இப்போது எங்கள் கிரீடம்.

படகைப் படிப்படியாக மேட்டுக்கு ஏற்றும் ஆட்லம் மதகுகளில் ஏறும் நாளில் மழை வலுத்தது. எங்களுக்கு முன்னால் பிரையனி என்ற இளம்பெண் தனியாகப் படகு ஓட்டி வந்திருந்தாள். தொப்பலாக நனைந்து, பல் கிடுகிடுக்க, மதகுக் கதவின் மரக்கையை முதுகால் தள்ளிக்கொண்டிருந்தாள். ரோவெனா உள்ளே போய்ப் பச்சை நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து வந்து அவள் தோளில் போட்டாள்.

"ஐயோ, இதை வெக்க என் படகுல இடம் இல்லீங்க" என்றாள் பிரையனி.

"வெக்க யாரு சொன்னா? போட்டுக்க. இந்தப் பக்கம் திரும்பி வர்றப்ப குடு."

அந்தப் பச்சைக் கோட்டு மதகுக் கதவைத் தள்ளுவதை ரோவெனா பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆம்ப்ரோஸ், இத்தனை நாளா இதையெல்லாம் எங்க வெக்கிறதுன்னே யோசிச்சுக்கிட்டு இருந்தோம். வெக்கவே வேணாம்."

அன்றிலிருந்து இந்தக் கால்வாயின் கதையே வேறு. எங்கே நிறுத்தினாலும் ரோவெனா கயிறு கட்டி உடுப்பைத் தொங்கவிடுகிறாள். படகுக்காரர்கள் வருகிறார்கள், ஒன்றை மாட்டிக்கொண்டு போகிறார்கள். யாரும் ஒரே இடத்தில் நிற்க முடியாதல்லவா, போன உடுப்பு எப்படியும் சுற்றி வந்துதான் ஆக வேண்டும். சிவப்பு பாண்டுக் கோட்டில் தங்கப் பொத்தான் மின்ன நிலக்கரி மூட்டை சுமக்கிறான் கெத்தின். கேட்டால், "வியாபாரம் ரெண்டு மடங்கு தலைவரே, தாடியைத்தான் வாரச் சொல்றாங்க" என்கிறான். ஜரிகைக் கவுன் அணிந்த ஒரு சீமாட்டி நேற்று கழிவறைப் பெட்டியைக் காலி செய்யச் சுமந்து போனாள். பக்கிங்ஹாம் அரண்மனையில்கூட அந்த நடையைக் கண்டிருக்க மாட்டார்கள். போகும் உடுப்பு தனியாகத் திரும்புவதும் இல்லை. ஒன்றின் பையில் பிளம் ஜாம், ஒன்றில் புதுப் பொத்தான். மஞ்சள் பட்டுக் கவுனை ஒருத்தி கேட்டு வாங்கிப்போய், கறையோடு சேர்த்து வெங்காயத் தோலில் சாயம் தோய்த்துக் கொண்டுவந்தாள். இப்போது அது செம்புநிறம். ரோவெனா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினாள், ஜலதோஷமாம்.

போன வாரம் பச்சைக் கோட்டு எதிர்த் திசையில் வந்தது. உள்ளே இருந்தது பிரையனி இல்லை, முன்பின் தெரியாத ஒரு கிழவர். ரோவெனா கையசைத்தாள், அவருக்கு அல்ல, கோட்டுக்கு. கிழவர் தனக்குத்தான் என்று நினைத்துத் தொப்பியைத் தூக்கினார். உன் மாமனுக்குச் சற்றுப் பொறாமை.

வெள்ளிக்கிழமை காலை பனிக்கட்டி வந்துவிட்டது, ஹெட்டி. ஜன்னல் வழியே பார்த்தேன், கால்வாய் முழுக்கக் கண்ணாடி. அவள் போட்ட கெடு அது. ரோவெனா கம்பளி அங்கியோடு வெளியே போய், நீளக் கழியால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள். கிளிங் என்றது. உள்ளே வந்தாள். கெட்டிலைத் திறந்து கையுறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுப்பில் வைத்தாள். "பனி வந்துடுச்சு. கெத்தின்கிட்ட இன்னும் ரெண்டு மூட்டை சொல்லி வை. வாளியை எடுத்துட்டு நல்ல புகைபோக்கி ஒண்ணு போடு. வசந்தம் வரைக்கும் இதையே பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியாது." இங்கிலாந்தின் கவிகள் அத்தனை பேரும் கூடி எழுதினாலும் இதைவிட நல்ல காதல் வரி வராது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். உன் படுக்கைக்கு மேலே ஆணியில் கருநீலக் கோட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாள், உள்ளே சிவப்பு லைனிங். அது மட்டும் யாருக்கும் போகாது. உன் தோள் எவ்வளவு அகலம் என்று கேட்டாள். நான் கைகளால் காட்டினேன். அவள் என் கைகளையே பார்த்துவிட்டு, "அது சின்னப் பொண்ணோட தோள் ஆம்ப்ரோஸ்" என்றாள். உயரத்துக்கும் கையை எங்கே நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கோட்டின் கையிலும் விளிம்பிலும் ஊசி குத்தி வைத்திருக்கிறாள், தைக்கவில்லை. ஆள் வந்து நின்றால்தான் முடிக்க முடியுமாம்.

உன் மீன்களுக்கு ஒரு வாரம் லீவு கொடு. ஊசி குத்திய உடுப்பை அதிக நாள் தொங்கவிட்டால் துணியில் ஓட்டை விழுந்துவிடும் என்கிறாள் ரோவெனா. எனக்கு அதெல்லாம் தெரியாது. விரிப்பை மட்டும் இன்று காலை மாற்றினேன்.

நீ நிற்கும் பனி உன் காலுக்கு அடியில் கெட்டியாக இருக்கட்டும். நீ வரும் வழியில் மட்டும் அது உருகட்டும்.

என்றும் மாறாத உன் மாமன்,
ஆம்ப்ரோஸ்
(எம்பிரஸ் மட்டில்டாவின் தளபதி, ரோவெனாவின் ஹேங்கர்)