எலுமிச்சைப்புல் கோட்டை

ஆனைமலையன்பட்டி,
புரட்டாசி கடைசி வெள்ளி

அன்பு மருமகள் வேல்விழிக்கு,

சின்னக்கருப்பு மாமா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். இப்போது நான் எழுதப்போவது உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை என்று நம் திராட்சைப் பந்தலின் கல்தூண் மீது அடித்துச் சத்தியம் செய்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை என் அக்கா, அதுதான் உன் அம்மா, கட்டிலுக்குப் பக்கத்தில்தான் சார்ஜில் போட முடியும், பக்கவாதம் அவள் வலது பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது, காதை விட்டுவிட்டது.

ஆனி மாதம் நீ வீடியோவில் அம்மாவின் வலது கையில் தடிப்புத் தடிப்பாகப் பார்த்துவிட்டு அழுதது நியாயம்தான். உணர்ச்சியே இல்லாத கையில் எறும்பு ஏறி விருந்து நடத்தினால் அவளுக்கு எப்படித் தெரியும். எறும்புப் பொடி தூவினால் அவளுக்கு மூச்சு இழுக்கிறது. தீபாவளிக்குள் எறும்பை ஒழிக்காவிட்டால் மதுரையில் அந்தப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். நான் அதை அக்காவிடம் சொன்னேன், "ஏலே, என்னைய அங்கன கொண்டுபோய் விட்டா ஒரு பருக்கை சோறு தொட மாட்டேன், ஒம் மருமககிட்டச் சொல்லிரு" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாததால் கண்ணை மூடிக்கொண்டாள். விசா வேலை முடியாமல் உன்னாலும் கிளம்பி வர முடியாது. தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் இந்த மாமன் தளபதியாக வேண்டியதாயிற்று.

நான் வாழ்நாளெல்லாம் பந்தலில் எறும்போடு பொருதியவன். அங்கே எறும்பு தரையிலிருந்து கல்தூண் வழியாகத்தான் மேலே ஏறும், தூணின் அடியில் காவல் வைத்துவிட்டால் மேலே பழம் தப்பிக்கும். வீடும் ஒரு பெரிய தூண்தானே என்று முடிவு செய்தேன். வாடைக்கு எறும்பு அண்டாது என்று ஆடிச் சாரலில் கம்பம்மெட்டுப் பக்கமிருந்து எலுமிச்சைப்புல் தூர்களை வாங்கி வந்து வீட்டைச் சுற்றி முதல் மதில் நட்டேன். அதற்குள்ளே துளசியும் திருநீற்றுப்பச்சிலையும், சுவரோரம் புதினாவும் ஓமவல்லியும். மணம் எழும்பியது பார், குமுளி போகிற பஸ்களெல்லாம் நம் வீட்டு முன்னால் தானாக நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போயின. மேகமலையில் ஒரு யானை தும்மியதில் வருசநாட்டில் மழை பெய்தது.

ஆனால் எறும்பு குறையவில்லை, கூடியது. ஒவ்வொன்றும் வெள்ளாட்டுக்குட்டி அளவு. என் செருப்பைப் பல்லக்குபோலத் தூக்கிக்கொண்டு போயின. அடுப்படியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வரி கேட்டன, சர்க்கரை டப்பாவை ஒப்படைத்துத்தான் கொல்லைக்குப் போக அனுமதி வாங்கினேன். அம்மாவைக் குளிப்பாட்ட வருகிற பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி கட்டிலை நகர்த்திக் கூட்டும்போதுதான் தரைக்கல் விரிசலில் எறும்பு பொங்கி வருவதைப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்து நின்று, "அண்ணே, புத்து கட்டிலுக்கு அடியிலல்ல இருக்கு, நீங்க சுத்தி வேலியப் போட்டு அதுகள வெளிய விடாம உள்ள வச்சுப் பூட்டிட்டீகளே" என்றாள். அக்கா படுத்தபடியே, "ஆத்தா, இவன் சின்னதுலயே கோழிய வெளிய விட்டுட்டுக் கூட்டப் பூட்டுனவன்" என்று இடப்பக்க வாயால் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு திறந்து கிடந்தும் ஒருவரும் வெளியே போக முடியாத வீடாக இருந்தது அது, வேல்விழி. திராட்சைக் கொடியை வெட்டிவிடும் கவாத்துக்குக்கூட ஆள்தான் அனுப்பினேன், தோட்டத்தை நான் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிறது.

பிறகு தந்திரத்தை மாற்றினேன். வாசல் பக்கம் கொஞ்சம் புல்லைப் பிடுங்கி வழி விட்டேன். புல்லையும் பச்சிலையையும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் தினமும் தரையைத் துடைத்தேன், கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, சுற்றிலும் இலையைக் கசக்கிப் போட்டேன். செடி சும்மா நின்றால் எறும்பு சட்டை செய்வதில்லை, கசக்கினால்தான் வாடை கிளம்பும், அதுவும் காய்ந்தால் போச்சு என்று இந்தத் தளபதி தாமதமாகத்தான் கற்றுக்கொண்டான். "ஏலே, என்னைய என்ன ரசமா வைக்கப் போற, இப்படி எலையாப் போடுற" என்று அக்கா வைதாள். கடைசியில் எறும்பு அரசியார் மூட்டை முடிச்சோடு வாசலில் வந்து நின்று முறையாக விடைபெற்றுப் பொட்டிப்புரம் பக்கம் கிளம்பினார், அங்கே மலைக்கு அடியில் ஆராய்ச்சிக்கூடம் தோண்டப்போவதாகக் கேள்விப்பட்டாராம், இடம் பிடிக்க வேண்டுமாம். போகும்போது ஒரே ஒரு வீரனை ஒற்றனாக விட்டுப் போயிருக்கிறார். அவன் செவ்வாய்க்கிழமை காலை போர்வை வழியாக ஏறி உன் அம்மாவின் கையில் ஈட்டியை இறக்கினான். "ஏலே, கடிக்குதுடா" என்று அவள் போட்ட சத்தத்தில் சுருளி அருவி பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, உன் அம்மாவிடம் பேசும்போது இல்லத்துப் பேச்சை எடுக்காதே. வேலப்பர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மதுரைக்குப் போன் போடுவதற்கு முன்னால் இதை மட்டும் படித்துவிடு. மேலே எழுதியதில் நீ தள்ளியது போக மிச்சமும் பொய்யாகத்தான் இருக்கும், எறும்பு இன்னும் ஒன்றிரண்டு திரியத்தான் செய்கிறது. அந்த ஒரு கடி மட்டும் நிஜம். வலது கை. உத்தமபாளையத்திலிருந்து அவளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிற மகிழன் மறுநாள் குண்டூசி முனையால் அதே கையைத் தொட்டபோதும், கண்ணை மூடியிருந்தவள் "வலிக்குது" என்றாள். "ஒடனே எந்திரிச்சு நடந்துருவாகன்னு நெனச்சுராதீக மாமா, ஆனா இது நல்லதுதான்" என்றான் அவன். நான் வெளியே போய்ப் புல்லுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
எறும்பிடம் தோற்ற தளபதி,
உன் தாய்மாமன் சின்னக்கருப்பு