பலகையில் ஓடும் அருவி

ஜூலை 8, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகக் கோமதியின் கட்டிலைப் பார்த்தேன். காலி. போர்வை மடித்திருந்தது. என்னை எழுப்பாமலே குற்றாலம் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். முன்பெல்லாம் தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் என் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

சாரல். துணி காயவில்லை. வாங்க வேண்டியது: உளுந்து, பல்பு, தைலம்.

எல்லாம் அந்த ஷெரின் வந்த பிறகுதான். செங்கோட்டைக்காரி, கொச்சியில் படித்தவள், காதில் மெஷின். ஐந்தருவிப் பக்கம் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மரப்பலகை போட்டிருக்கிறாள். அருவிப் பாறையில் மைக். அந்தச் சத்தம் பலகைக்கு அதிர்வாக வருகிறது. வருகிறவர்கள் காதை அடைத்துக்கொண்டு வெறுங்காலோடு உட்கார வேண்டும். உள்ளே பேசக் கூடாது, சைகை மட்டும். ஆட்களைக் கூட்டிப்போய் உட்கார வைப்பது கோ.வின் வேலை. பிறவியிலேயே காது கேட்காத என் தங்கை, கேட்கிறவர்களுக்கு வழிகாட்டி. பெருமைப்பட வேண்டியதுதான். படவில்லை.

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்தேன். பலகையில் தனியாக உட்கார்ந்தால் லேசான நடுக்கம் மட்டும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தால்தான் அருவி முழு வேகத்தில் உடம்புக்குள் இறங்குமாம். கோ. ஆலங்குளத்து அம்மா ஒருவரின் கையைப் பிடித்திருந்தாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். என் பக்கத்தில் யாரும் இல்லை. ஓடுகிற கிரைண்டர் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் இரண்டு பெண்கள்:

"ஏட்டி, எனக்குப் புல்லரிச்சிட்டு."

"உனக்கு ஃபேன் காத்து பட்டாலே புல்லரிக்கும்."

கோ.வும் ஷெரினும் கையால் பேசும் வேகம்! பாதிதான் புரிந்தது. எங்கள் சைகை வேறு, சின்ன வயதில் நாங்களாக உண்டாக்கியது. அண்ணன் என்றால் மீசை. நான் என்றால் மூக்குத்தி. ஷெரின் முறையான சைகையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். என்னைப் பார்த்து ஏதோ காட்டிச் சிரித்தார்கள். என்னைப் பற்றி இல்லாமலும் இருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

மண்டபத்துக்கு உள்ளூர் டிவிக்காரர்கள். கோ.விடம் பேட்டி. வழக்கம்போல் பக்கத்தில் நான். டாக்டர், ரேஷன் கடை, பெண் பார்க்க வந்தவர்கள், எங்கும் அவளுக்கு வாய் நான்தான்.

"இத்தன வருசமா அருவிச் சத்தம் தெரியாம இருந்தது கஷ்டமா இருந்துச்சாம்மா?"

கோ. நீளமாக ஏதோ காட்டினாள். "ஆமான்னு சொல்லுதா. இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்காம்" என்றேன்.

ஷெரின் குறுக்கே வந்தாள். "அது இல்ல சேச்சி, கோமதி சொன்னது."

சொன்னது இதுவாம்: பாறையில் கால் வைத்தாலே எனக்கு அருவி தெரியும். எனக்கென்ன கஷ்டம்? காதை மூடிய பிறகுதானே உங்களுக்குத் தெரிகிறது?

டிவிக்காரர் சிரித்துவிட்டார். "இதத்தான் போடணும்."

நான் மாற்றிச் சொன்னதை ஷெரின் அவளுக்குக் கையால் விளக்கினாள். கோ. கோபப்படவில்லை. இதற்கு முன் எங்கெல்லாம் மாற்றிச் சொன்னேனோ என்று யோசிப்பதுபோல் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீட்.

ஜூலை 11, வெள்ளி

தலைவலி. கோ. வைத்த ரசம் நன்றாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

அண்ணன் போன். போலீஸில் ஏட்டு, வீடு ஆலங்குளத்தில்.

"ஏட்டி செல்வி, அந்தச் செங்கோட்டைப் புள்ள எங்கிட்ட பேசிச்சு. பலகைய கொச்சிக்குக் கொண்டுபோகுதாம். கோமதியையும் கூப்பிடுது. ஆறு மாசம். சம்பளம் உண்டாம்."

"அவ என்ன சொன்னாளாம்?"

"வீட்ல கேக்கணும்னாளாம். அவ கையாட்டுறது எனக்கு என்ன எழவு புரியுது? நீ கேட்டு வையி. நாளைக்கு மத்தியானம் வாரேன். நீ சொல்லுததுதான் முடிவு."

"கேக்கேன்" என்றேன்.

கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ஷெரின் பெயரைக் காட்டும்போதே அவள் முகம் மலர்கிறது. என்னிடமோ கொச்சி பற்றி ஒரு விரல் அசைக்கவில்லை.

"பயப்படுதா, வேண்டாம்னு சொல்லுதா." இவ்வளவு சொன்னால் போதும். அண்ணன் நம்புவான். வீட்டில் சம்மதமில்லை என்று ஷெரினுக்குப் போன் போய்விடும்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். திணறாமல் வருகிறது.

இட்லி. தேங்காய் போதவில்லை, பொட்டுக்கடலை அதிகம். கோ. நீலச் சேலை கட்டியிருக்கிறாள். மீசையை முறுக்கிக் காட்டி, அண்ணன் எப்போது வருவான் என்று கேட்டாள். எங்கள் பழைய சைகை. இரக்கப்பட்டு எனக்காகப் பேசுவதுபோல் பட்டது. மத்தியானம் என்று சாப்பிடும் சைகை காட்டினேன்.

அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியும். ஒரு காகிதத்தை நீட்டி நேராக அவளிடமே கேட்கலாம் என்று அண்ணனுக்கு இதுவரை தோன்றியதில்லை. தோன்றாதபடி நானும் பார்த்துக்கொண்டேன்.

இன்றைக்கு நான் செய்யப்போவது நல்ல மனசால் ஒன்றும் இல்லை. 'போகிறேன் என்கிறாள்' என்று என் வாயால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அண்ணன் எதிரே உட்கார்ந்தால், பயப்படுகிறாள் என்ற அந்த வரியைச் சொல்லிவிடுவேன். அதுவும் நிச்சயம்.

குழம்பு வைத்தாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை: அண்ணன் வரும்போது நான் வீட்டில் இருக்கப் போவதில்லை. அவளிடமே எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும். பண்பொழிக்குப் பஸ். மலைக் கோயிலில் நடை சாத்தியிருந்தாலும் பரவாயில்லை, படியில் உட்கார்ந்திருப்பேன். போன் இங்கேயே கிடக்கட்டும்.